வீட்டு வீடியோவை எடிட் செய்ய எந்த சாப்ட்வேர்?

2009 ஆம் ஆண்டு என் அப்பாவுக்கு சதாபிஷேகம் நடந்தது. அதற்காக வீட்டிலிருந்த 3 மினி டிவி டேப்களையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். ஒரு மணி நேர டேப் ஹார்ட் டிஸ்க்கில் ஏறத்தாழ 13 ஜிபி இடம் பிடிக்கும். எல்லாம் சேர்த்து 39 ஜிபி. அதிலிருந்து வெட்டி ஒட்டி 20 நிமிடப் படம் ஒன்று தயார் செய்தேன். காலமாகிவிட்ட என் அத்தை நலங்குப் பாட்டு பாடும் காட்சியும் அதில் இருந்தது. அப்பாவுக்குத் தன் அக்காவின் குரலை மறுபடி கேட்க வேண்டும் என்று ஆசை.

பென் டிரைவில் காப்பி செய்து மண்டபத்துக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த லேப்டாப்பில் திறந்தால் படம் வரவில்லை. பைலின் அளவைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சில நூறு கேபி தான் இருந்தது. நான் எடுத்துச் சென்றது வீடியோ அல்ல. வெறும் புராஜக்ட் பைல். "விடுடா, வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்" என்றார் அப்பா. வீட்டில் அவர் பார்த்தார். ஆனால் பாட்டைக் கேட்க வேண்டிய அத்தையின் பெண்கள் இருவரும் அன்று இரவே ரயில் ஏறிவிட்டார்கள்.

தவறு சாப்ட்வேருடையது அல்ல, என்னுடையது. எந்த சாப்ட்வேர் நல்லது என்று பலரிடம் விசாரித்தேன். அதை வைத்து ஒரு சின்ன வீடியோவையாவது முதலிலிருந்து கடைசி வரை முடித்துப் பார்க்கவில்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்தத் தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

புராஜக்ட் வேறு, வீடியோ வேறு

எடிட்டிங் புரோகிராமில் நீங்கள் வெட்டும்போது உங்கள் வீடியோ பைல் உண்மையில் வெட்டப்படுவதில்லை. "இந்தப் பைலில் 10 ஆவது நொடி முதல் 40 ஆவது நொடி வரை காட்டு, பிறகு அந்தப் பைலைக் காட்டு" என்ற குறிப்புகள் மட்டுமே எழுதி வைக்கப்படுகின்றன. சேவ் கொடுத்தால் பதிவாவது பெரும்பாலும் இந்தக் குறிப்புதான். சமையல் குறிப்பு எழுதிய தாளைப் போன்றது இது. தாளைச் சாப்பிட முடியாது. குறிப்பின்படி புதிய வீடியோ பைலை உருவாக்கும் வேலைக்கு எக்ஸ்போர்ட் என்று பெயர். அதில் கிடைக்கும் எம்பி4 பைல்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரியவரும். எடிட்டிங் நடக்கும்போது மூல வீடியோ பைல்களை வேறு போல்டருக்கு மாற்றினாலோ அழித்தாலோ புராஜக்ட் அவற்றைத் தேடித் திணறும். எனவே ஒரு விசேஷத்திற்கு ஒரு போல்டர் உருவாக்கி எல்லாவற்றையும் அதிலேயே வைத்திடவும். மூலப் பைல்களின் பிரதி ஒன்று வேறொரு டிஸ்க்கிலும் இருக்கட்டும்.

தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: உங்களுக்கு என்ன வேலை ஆக வேண்டும்? தேவையற்ற பகுதியை நீக்குவது, நான்கைந்து காட்சிகளை வரிசையாகச் சேர்ப்பது, தலைப்பு எழுதுவது, பின்னணியில் இசை சேர்ப்பது. வீட்டு வீடியோவுக்கு இந்த நான்கு போதும். நூற்றுக்கணக்கான எபெக்ட்கள் இருக்கின்றன என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: உங்கள் கம்ப்யூட்டர் எவ்வளவு தாங்கும்? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 1080பி வீடியோவை நொடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் போன் பதிவு செய்தால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 128 எம்பி வரும். 4கே வீடியோ நொடிக்கு 50 மெகாபிட் என்றால் நிமிடத்திற்கு 375 எம்பி. ஒரு மணி நேரத்திற்கு 22 ஜிபிக்கும் மேல். இதற்கும், எக்ஸ்போர்ட் ஆகும் பைலுக்கும், இடையில் உருவாகும் தற்காலிகப் பைல்களுக்கும் இடம் வேண்டும். மூலப் பைல்களைப் போல இரண்டு மடங்கு காலி இடம் இருந்தால் கவலையில்லை.

மூன்றாவது கேள்வி: எக்ஸ்போர்ட் உண்மையிலேயே இலவசமா? என் பக்கத்து வீட்டு சார் ஒருவர் பேத்தியின் பிறந்தநாள் வீடியோவை மூன்று இரவுகள் உட்கார்ந்து எடிட் செய்தார். கடைசியில் எக்ஸ்போர்ட் செய்தபோது குழந்தையின் முகத்தின் மீதே அந்த நிறுவனத்தின் பெயர் பெரிதாக வந்து நின்றது. இதனை வாட்டர்மார்க் என்பார்கள். பணம் கட்டினால்தான் நீங்கும். சில சோதனைப் பதிப்புகளில் எல்லா வசதிகளும் இலவசமாகத் திறந்திருக்கும். கடைசிக் கதவு மட்டும் பூட்டியிருக்கும்.

எது யாருக்கு?

கிளிப்சாம்ப்: விண்டோஸ் 11 உடன் வருகிறது. மைக்ரோசாப்ட் இதனை 2021 இல் வாங்கியது. மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் வேண்டும். இலவசமாக 1080பி வரை வாட்டர்மார்க் இன்றி எக்ஸ்போர்ட் செய்யலாம். இதில் தரப்படும் கட்டணப் படங்கள், இசை ஆகியவற்றைச் சேர்த்தால் மட்டும் பணம் கேட்கும். முதல் முறை எடிட் செய்பவர்களுக்கு ஏற்றது.

ஷாட்கட், ஓப்பன்ஷாட், கேடென்லைவ்: மூன்றும் ஓப்பன் சோர்ஸ் புரோகிராம்கள்; முற்றிலும் இலவசம்; வாட்டர்மார்க் கிடையாது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். ஓப்பன்ஷாட்டின் தோற்றம் எளிமையானது. ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் முதலில் சற்று மிரட்டும். பழகினால் நீண்ட நாள் கைகொடுக்கும். வேகம் குறைந்த கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பிராக்ஸி வசதியை இயக்கிக் கொள்ளலாம். அப்போது எடிட்டிங் சிறிய பிரதியில் நடக்கும். எக்ஸ்போர்ட் மட்டும் மூலப் பைலில் இருந்து எடுக்கப்படும்.

லாஸ்லெஸ்கட்: முன்னும் பின்னும் வெட்டினால் போதும் என்பவர்களுக்கு இது ஒன்றே போதும். வீடியோவை மறுபடி சுருக்காமல் அப்படியே நகலெடுப்பதால் வேலை சில நொடிகளில் முடியும், தரமும் குறையாது. ஆனால் வெட்டு நீங்கள் குறித்த இடத்திலிருந்து சற்று முன்பின் விழலாம்.

ஐமூவி: மேக் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் தேட வேண்டாம்.

டாவின்சி ரிசால்வ்: திரைத்துறையினர் பயன்படுத்துவது. இலவசப் பதிப்பும் உண்டு. ஆனால் 16 ஜிபி ராமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் இல்லாத கம்ப்யூட்டரில் இதனை இன்ஸ்டால் செய்து வருந்த வேண்டாம்.

மூவி மேக்கர் கிடைக்குமா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். 2000 ஆம் ஆண்டு விண்டோஸ் மில்லினியத்துடன் வந்த அந்தப் புரோகிராமை மைக்ரோசாப்ட் 2017 ஜனவரி 10 அன்று கைவிட்டுவிட்டது. அதே பெயரில் போலிப் புரோகிராம் தந்து பணம் கேட்ட தளம் ஒன்றைப் பற்றி ஈசெட் நிறுவனம் அதே ஆண்டு நவம்பரில் எச்சரித்தது. எந்தப் புரோகிராமாக இருந்தாலும் அதனைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து மட்டுமே டவுன்லோட் செய்திடவும்.

இரண்டு நிமிடச் சோதனை

இனி முக்கியமான பாடம். ஷாட்கட் புரோகிராமை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

1. உங்கள் போனில் யாராவது பேசுவது போல 2 நிமிடம் வீடியோ எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்திடவும்.

2. ஷாட்கட்டில் ஓப்பன் பைல் கிளிக் செய்து அந்தப் பைலைத் திறக்கவும். எடிட்டிங்கிற்கு ஏற்றபடி மாற்றிக் கொள்ளவா என்று கேட்டால் சம்மதம் கொடுங்கள். போன்கள் பல நேரங்களில் சீரற்ற பிரேம் வேகத்தில் பதிவு செய்கின்றன. மாற்றாவிட்டால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று போய்விடலாம்.

3. வீடியோவைக் கீழே உள்ள டைம்லைனுக்கு இழுத்து விடவும். நீக்க வேண்டிய பகுதியின் தொடக்கத்தில் நிறுத்தி எஸ் கீயை அழுத்தவும். முடிவிலும் அதேபோல அழுத்தவும். நடுத் துண்டைத் தேர்ந்தெடுத்து எக்ஸ் கீயை அழுத்தினால் அது நீங்கி இடைவெளியும் மூடிக்கொள்ளும்.

4. பைல் மெனு சென்று சேவ் செய்திடவும். இது புராஜக்ட் பைல். எம்எல்டி என்ற துணைப் பெயருடன் இருக்கும். நான் மண்டபத்துக்கு எடுத்துச் சென்றது இந்த வகைப் பைலைத்தான்!

5. அடுத்து எக்ஸ்போர்ட் கிளிக் செய்து, எதையும் மாற்றாமல், எம்பி4 பைலாக உருவாக்கவும். எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள். 2 நிமிட வீடியோவுக்கு 4 நிமிடம் என்றால், 20 நிமிடப் படத்திற்கு ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும்.

6. அந்த எம்பி4 பைலை மட்டும் பென் டிரைவில் காப்பி செய்து, வேறு ஒரு கம்ப்யூட்டரிலோ டிவியிலோ இயக்கிப் பார்க்கவும். கடைசி நொடி வரை பார்க்க வேண்டும். படமும் ஒலியும் சேர்ந்து வருகிறதா, வாட்டர்மார்க் ஏதும் இருக்கிறதா என்று கவனிக்கவும்.

பென் டிரைவ் பற்றியும் ஒரு வார்த்தை. பேட்32 முறையில் பார்மட் செய்யப்பட்டதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே பைலைக் காப்பி செய்ய முடியாது. எக்ஸ்பேட் முறைக்கு மாற்றலாம். ஆனால் பார்மட் செய்தால் உள்ளே இருப்பவை எல்லாம் அழிந்துவிடும்; பழைய டிவிகள் சில எக்ஸ்பேட் டிரைவைப் படிக்கவும் செய்யாது. இதையும் விசேஷத்திற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

இந்த ஆறு படிகளையும் தாண்டிய சாப்ட்வேர் எதுவானாலும் அதுவே உங்களுக்குச் சரியான சாப்ட்வேர். இரண்டு மூன்றை இப்படிச் சோதித்துப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடலாம். ஒரு மாலை நேரம் போதும்.

அத்தையின் பாட்டை நான் பின்னர் முறையாக எக்ஸ்போர்ட் செய்து சிடியில் பதிந்து அவருடைய பெண்களுக்குத் தபாலில் அனுப்பினேன். அவர்கள் பார்த்தார்கள், போன் செய்து பேசினார்கள். ஆனால் அப்பாவும் அவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதனைக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டு விசேஷத்திற்கு முதல் நாளாவது இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்துவிடுங்கள்.