காட்டுப்பாக்கத்தில் ஆர்க்கிட் தேனீ உண்டா?

சென்னையை ஒட்டிய காட்டுப்பாக்கத்திலும் ஐயப்பன்தாங்கலிலும் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இணையத்தில் ஆர்க்கிட் தேனீயின் படத்தைப் பார்த்துவிட்டு, “இது எங்கள் வீட்டுச் செடிக்கும் வருகிறது” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதே வீட்டில், தேனீ இனத்தைச் சேர்ந்த கருவண்டைக் கண்டால் கை மருந்து டப்பாவைத் தேடும். தேனீக்களைப் பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: பச்சையாக மின்னினால் அது ஆர்க்கிட் தேனீ.

இல்லை. ஆர்க்கிட் தேனீக்களில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாமே மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரையுள்ள நிலப்பரப்புக்கு உரியவை. இந்தியாவில் ஒன்றுகூடக் கிடையாது. இங்கே மின்னுவது பெரும்பாலும் அரிசிமணி அளவே உள்ள ஒரு குட்டித் தேனீ. காய்ந்த ஆமணக்கு, உண்ணிச்செடித் தண்டுகளின் உள்ளே மெத்தென்று இருக்கும் சோற்றைக் குடைந்து அது கூடு கட்டும். சில சமயம் அது தேனீயாகவே இருக்காது. மற்றவற்றின் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும் ஒருவகைக் குளவியும் இதே நிறத்தில் மின்னும்.

நம்பிக்கை: ஆர்க்கிட் பூ இல்லாவிட்டால் ஆர்க்கிட் தேனீயும் இல்லை.

விஞ்ஞானிகளே நெடுங்காலம் தடுமாறிய இடம் இது. பூவைச் சுரண்டும் தேனீக்களைப் பார்த்தவர்கள், அவை இதழைத் தின்பதாக எழுதிவைத்தார்கள். 1960-களில் ஸ்டெஃபான் ஃபோகல், காலவே டாட்சன் போன்றவர்களின் ஆய்வுகளில்தான் விஷயம் தெளிவானது. சுரண்டுபவை எல்லாம் ஆண் தேனீக்கள். அவை எடுப்பது தேனுமல்ல, மகரந்தமுமல்ல, வாசனை. பின்னங்காலில் அதற்கென்றே ஒரு பை இருக்கிறது. பல இடங்களில் தேடி எடுத்த வாசனைகளை அதில் சேர்த்து, காட்டுக்குள் ஒரு மரத்தண்டில் இடம்பிடித்துச் சிறகடித்துப் பரப்புகிறது ஆண். அதை மோந்துதான் பெண் வருகிறது. வாசனைக்காக ஆர்க்கிட் பூக்களில் அலைகிற ஆணின் முதுகிலோ தலையிலோ ஆர்க்கிட் தன் மகரந்தப் பொட்டலத்தை ஒட்டிவிடுகிறது.

இரண்டும் கைகோத்தே தோன்றி வளர்ந்தன என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2011-இல் வெளியான மரபணு ஆய்வு அதை மாற்றியது: தேனீக்கள்தான் மூத்தவை, அந்த ஆர்க்கிட்டுகள் பிற்பாடு வந்தவை. தேனீக்கு வாசனை பட்டமரத்திலும் பூஞ்சையிலும் பிசினிலும் கிடைக்கும். ஆர்க்கிட்டுக்குத்தான் தேனீயை விட்டால் வழியில்லை. ஃபுளோரிடாவே இதற்குச் சாட்சி. 2003 வாக்கில் அங்கே வந்து சேர்ந்த ஓர் ஆர்க்கிட் தேனீ, அதற்குப் பழக்கமான வாசனை ஆர்க்கிட்டுகள் இல்லாத ஊரில் நன்றாகவே பெருகிவிட்டது. நம் வீட்டுத் திருநீற்றுப்பச்சிலையின் இலையிலிருந்துகூட அது அங்கே வாசனை எடுக்கிறது.

நம்பிக்கை: எருக்கு ஒன்றுக்கும் உதவாத களை.

பூந்தமல்லி சாலையை ஒட்டிய காலி மனைகளில் இன்றும் எருக்கு நிற்கிறது. விநாயகர் சதுர்த்திக்கு மட்டும் தேடிப்போவோம். மற்ற நாளில் பொக்லைன் வந்து வழித்தெடுக்கும். ஆர்க்கிட் தேனீயின் கதையை நம் ஊரிலேயே பார்க்க ஆசைப்படுபவர்கள் போய் நிற்கவேண்டிய செடி இதுதான்.

எருக்கும் ஆர்க்கிட்டைப் போலவே மகரந்தத்தைத் தூளாக உதிர்ப்பதில்லை. பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறது. இரண்டும் உறவில்லாத குடும்பங்கள்; தனித்தனியாக இந்த வழிக்கு வந்து சேர்ந்தவை. பூவின் நடுவே கிரீடம்போல் நிற்கும் பகுதியை உற்றுப் பாருங்கள். ஐந்து மெல்லிய பிளவுகள் தெரியும். தேன் குடிக்க வந்த கருவண்டின் காலோ வாய்ப்பகுதியோ அந்தப் பிளவில் வழுக்கினால், கடுகைவிடச் சிறிய ஒரு கருநிறக் கவ்வி பற்றிக்கொள்ளும். அதன் இருபுறமும் மஞ்சளாக ஒரு ஜோடி மகரந்தப் பை. இழுத்துப் பிடுங்கிக்கொண்டு பறக்க வலுவான உடம்பு வேண்டும். சின்னத் தேனீக்களும் தேனுக்காக வரும், ஆனால் எருக்குக்கு வேலை நடப்பது கருவண்டால்தான். எருக்கு இல்லாவிட்டாலும் கருவண்டு வேறு பூவில் பிழைத்துக்கொள்ளும். கருவண்டு போனால் எருக்கில் காய் பிடிப்பது கடினம்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, உண்மைதான். குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம். காலி மனையின் மூலையில் நிற்பதை விட்டுவிடலாமே.

நம்பிக்கை: கருவண்டு மரத்தைத் தின்று வீட்டைக் கெடுக்கும், கொட்டினால் ஆளையே சாய்க்கும்.

கருவண்டு மரத்தைத் தின்பதில்லை. அதுவும் ஒரு தேனீதான். சாப்பாடு தேனும் மகரந்தமும். பெண் தன் தாடையால் காய்ந்த மரத்தையோ மூங்கிலையோ குடைந்து, அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மகரந்த உருண்டையும் ஒரு முட்டையும் வைக்கிறது. பச்சை மரத்தில் கை வைக்காது. முகத்துக்கு நேரே வந்து உறுமிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும், தானாக வந்து துரத்தாது. பழைய ஜன்னல் சட்டத்தில் துளை போடுகிறதென்றால் பெயிண்ட் அடித்தால் போதும். வண்ணம் பூசிய மரத்தை அது அநேகமாகத் தவிர்த்துவிடும்.

நம்பிக்கை: மாடியில் ஒரு தேன்பெட்டி வைத்தால் தேனீக்களைக் காப்பாற்றியதாகும்.

தேன்பெட்டி நல்ல தொழில். பாதுகாப்பு என்பது வேறு. உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தேனடை கட்டாதவை, ராணி இல்லாதவை. ஒவ்வொரு தாயும் தனியாகக் கூடு கட்டிப் பிள்ளை வளர்ப்பவை. பெட்டித் தேனீயால் செய்ய முடியாத வேலையையும் இவை செய்கின்றன. கத்தரிப்பூவின் மகரந்தப்பை நுனியில் இரண்டு சிறு துளைகள்தான் உண்டு. கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்து, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். காதுக்குக் கேட்கும் அந்த ரீங்காரத்தில் துளை வழியே மகரந்தம் கொட்டும். பெட்டிகளில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கும் கொசுத்தேனீக்கும் இது தெரியாது.

நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டுகிறது. அதன் ஆண்கள் இரவில் ஒரு புல்தண்டைத் தாடையால் கடித்துக்கொண்டு தொங்கியபடியே தூங்கும். மனை முழுக்க சிமெண்ட் போட்டுவிட்டால் பெண்ணுக்கு வளை இல்லை, ஆணுக்குப் புல் இல்லை.

காட்டுப்பாக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். காம்பவுண்டுக்குள் இரண்டடி மண்ணையாவது மூடாமல் விடுங்கள். காய்ந்த முருங்கைக் கிளையையும் நாலு மூங்கில் துண்டுகளையும் மழை படாத மூலையில் போட்டுவையுங்கள். கத்தரி பூத்திருக்கும் நாட்களில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.