கடை வாசல் வசூல்: எதைப் பார்த்து நம்புவது?

தீபாவளி நெருங்கினால் தி.நகர் உஸ்மான் சாலை ஜவுளிக்கடை வாசல்களில் இரண்டு வகை வசூல்காரர்களைப் பார்க்கலாம். ஒருவர் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் லேமினேட் செய்த புகைப்படமும் ரசீது புத்தகமுமாக நிற்பார். இன்னொருவர் அமைப்பின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்டும் டேப்லெட்டுமாக நிற்பார். இப்போதுதான் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு வெளியே வருகிறவருக்கு ஐம்பது ரூபாய்க்கு இல்லையென்று சொல்ல வாய் வராது. அது அவர்களுக்கும் தெரியும். கொடுப்பதா நகர்வதா என்று அந்த அரை நிமிடத்தில் முடிவெடுக்க நாம் துணைக்கு வைத்திருக்கும் நம்பிக்கைகள் எந்த அளவுக்குத் தேறும்?

நம்பிக்கை: அட்டையில் அரசுப் பதிவு எண் இருக்கிறது, ஆகவே இது அரசு அங்கீகரித்த அமைப்பு.

உண்மை: பதிவு எண் என்பது பிறப்புச் சான்றிதழ் போன்றது. பிறந்ததைச் சொல்லும், வளர்ந்து எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்லாது. அறக்கட்டளைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் ஒரு பதிவு எண் கிடைத்துவிடும். சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும். இரண்டிலும் அமைப்பின் யோக்கியதைக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகளைக் கண்காணிக்கவே தனி ஆணையர் உண்டு. தமிழ்நாட்டில் எல்லாப் பொது அறக்கட்டளைகளுக்கும் பொதுவாக அப்படியொரு பதவி கிடையாது. மத்திய அரசின் ‘தர்பண்’ தளத்தில் பெயர் இருப்பதையும் சிலர் காட்டுவார்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் அமைப்பு தன்னைப் பற்றித் தானே தந்த விவரம். தேடிப் பார்க்க அது உதவும். நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

நம்பிக்கை: 80ஜி ரசீது தருகிறார்கள். வரிவிலக்கே கிடைக்கும்போது மோசடியாக இருக்க முடியுமா?

உண்மை: ‘80ஜி’ என்ற எழுத்தை எந்த அச்சகத்திலும் அச்சடிக்கலாம். நன்கொடைக்கு வரிவிலக்கு தரும் 80ஜி ஒப்புதல் ஒரு காலத்தில் ஒருமுறை கிடைத்தால் காலவரையின்றித் தொடர்ந்தது. 2021இல் விதி மாறி, பழைய அமைப்புகளும் புதிதாகப் பதிந்து, குறிப்பிட்ட கால இடைவெளியில் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. எனவே 2010ஆம் ஆண்டுத் தேதியிட்ட சான்றிதழின் நகலை மட்டும் நீட்டினால் அது போதாது. வருமானவரித் துறையின் இணையதளத்தில் அமைப்பின் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. நன்கொடையாளர் விவரங்களை அமைப்பு வரித் துறைக்குத் தாக்கல் செய்து, துறையின் தளத்திலிருந்தே சான்றிதழ் எடுத்துத் தர வேண்டும். அதற்கு உங்கள் பான் அல்லது ஆதார் போன்ற அடையாள எண் வேண்டும். அதைக் கேட்காமலேயே வரிவிலக்கு உண்டு என்பவர், விதி தெரியாதவர் அல்லது தெரிந்தே மறைப்பவர். ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த நன்கொடைக்கு விலக்கு கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு இந்த விலக்கே இல்லை.

நம்பிக்கை: நோட்டில் பெரிய பெரிய மனிதர்கள் ஐந்நூறு, ஆயிரம் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் விசாரிக்காமலா கொடுத்திருப்பார்கள்?

உண்மை: வசூல் நோட்டின் முதல் பக்கத்தை யார் எழுதினார் என்று நமக்குத் தெரியாது. தெரிந்த டாக்டர் பெயரும் பக்கத்துத் தெரு மளிகைக்கடைப் பெயரும் இருந்தால், அதற்குக் கீழே இருபது ரூபாய் எழுத நமக்குக் கூச்சமாக இருக்கும். நோட்டு நீட்டப்படுவதே அந்தக் கூச்சத்துக்காகத்தான். அந்தப் பெயர்கள் உண்மையானவையாகவே இருந்தாலும், அவர்களும் நம்மைப் போலவே முந்தைய பெயரைப் பார்த்துக் கொடுத்திருக்கலாம்.

நம்பிக்கை: கடைக்காரர் வாசலில் நிற்க விட்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்தவர்களாகத்தான் இருக்கும்.

உண்மை: நடைபாதை கடைக்குச் சொந்தமில்லை. அங்கே நிற்பவரை விரட்டாமல் இருப்பது அனுமதி ஆகாது. பெரிய வணிக வளாகங்களுக்குள் மேசை போட்டு நிற்பவர்கள் நிர்வாகத்திடம் இடம் கேட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் இடம் கொடுத்தவர்கள் கணக்குப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. பில் போடும் இடத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்: “வெளியில நிக்கிறவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

நம்பிக்கை: சம்பளத்துக்கு வசூலிக்கிறார்கள் என்றாலே ஏமாற்று.

உண்மை: டேப்லெட்டோடு நிற்கும் இளைஞர்களில் பலர் சம்பளத்துக்கு நிற்பவர்கள்தான். அமைப்பே நியமித்திருக்கலாம், வசூல் நிறுவனம் ஒன்று அனுப்பியிருக்கலாம். அது குற்றமில்லை. மறைக்காமல் சொல்கிறார்களா என்பதே கேள்வி. “உங்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? நான் தரும் நூறில் எவ்வளவு வசூல் செலவுக்குப் போகிறது?” என்று தாராளமாகக் கேட்கலாம்.

இவர்களிடம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இவர்களில் பலர் கேட்பது ஒருமுறை நன்கொடையை அல்ல. மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஒப்புதலை. திரையில் விரலால் கையெழுத்துப் போடுமுன், தொகை எவ்வளவு, எத்தனை மாதம், நிறுத்துவது எப்படி என்று படித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் வங்கியிடமே சொல்லி அந்த ஒப்புதலை ரத்து செய்யலாம்.

நம்பிக்கை: கியூஆர் அட்டையில் கட்டினால் பயமில்லை.

உண்மை: பணம் போனதற்குப் பதிவு இருக்கும். போன இடம் சரியா என்பது வேறு கேள்வி. ஸ்கேன் செய்ததும் திரையில் ஒரு பெயர் வரும். அறக்கட்டளையின் பெயருக்குப் பதில் தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். “அவர்தான் எங்க செயலாளர்” என்ற பதில் போதாது. அமைப்புக்கு வரும் நன்கொடை அமைப்பின் கணக்கில்தான் சேர வேண்டும்.

நம்பிக்கை: குழந்தையின் ஆபரேஷனுக்குக் கேட்கும்போது விசாரித்துக்கொண்டிருப்பது பாவம்.

உண்மை: உண்மையிலேயே ஒரு குழந்தை படுத்திருக்கிறது என்றால், விசாரிப்பதுதான் அதற்குச் செய்யும் உதவி. மருத்துவமனையின் பெயர், வார்டு, நோயாளி எண் ஆகியவற்றைக் கேளுங்கள். பணத்தை மருத்துவமனையில் நேராகவே கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அதில் விண்ணப்பித்தார்களா என்ற கேள்வி, உண்மையான பெற்றோருக்குப் பணத்தைவிடப் பெரிய உதவியாகக்கூட முடியலாம்.

உண்டியலை ஏந்தி நிற்பதே ஒரு குழந்தை என்றால் கதை வேறு. முறையான காப்பகம் எதுவும் பிள்ளைகளைத் தெருவில் வசூலுக்கு நிறுத்தாது. குழந்தையைப் பிச்சைக்குப் பயன்படுத்துவோருக்கு 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. அங்கே காசு போடுவதைவிட 1098க்கு அழைப்பது அந்தப் பிள்ளைக்கு நல்லது.

நம்பிக்கை: எல்லாமே ஃபிராடு; யாருக்கும் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

உண்மை: எல்லாரையும் நம்புகிறவரும் யாரையும் நம்பாதவரும் விசாரிக்கும் வேலையிலிருந்து ஒரேபோலத் தப்பித்துக்கொள்கிறார்கள். 80ஜி வாங்கக் கணக்காளருக்குக் கொடுக்கப் பணமில்லாத சிறிய இல்லங்கள் எத்தனையோ நேர்மையாக நடக்கின்றன. பிறந்தநாளுக்கும் திதிக்கும் முதியோர் இல்லத்தில் ஒருவேளைச் சாப்பாடு போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதில் எங்கே கொடுத்தோம், யார் சாப்பிட்டார்கள் என்பதை நாமே பார்த்துவிடுகிறோம்.

ஆகவே வாசலில் நிற்பவரின் முகத்தைப் படித்து முடிவெடுக்க வேண்டியதில்லை. முகத்தை வைத்து நேர்மையை அளக்க நம்மால் முடியாது. வெயிலில் நிற்கும் நேர்மையான ஊழியரைச் சந்தேகிப்பதும் நியாயமில்லை. நோட்டீஸை வாங்கிக்கொண்டு, “வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு அனுப்புறேங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள். உண்மையான அமைப்பு நாளைக்கும் இருக்கும். அதன் வங்கிக் கணக்கும் இருக்கும். இன்றைக்கே, இங்கேயே, கையில் கொடுத்தால்தான் ஆயிற்று என்று வற்புறுத்துபவருக்கு மறுப்புச் சொல்ல வேறு காரணம் தேட வேண்டாம். ஆனால் வாங்கி வந்த நோட்டீஸை அந்த வாரத்துக்குள் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் நாம் சொன்னதும் ஒரு சாக்குதான்.