சிவப்புத் திரை எவ்வளவு சீக்கிரம் வரும்?

'கரண்ட் பில் பாக்கி, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்' என்று குறுஞ்செய்தி வருகிறது. கீழே ஒரு லிங்க். பதற்றத்தில் விரல் அதைத் தொட்டுவிடுகிறது. பிரவுசர் சிவப்புத் திரையைக் காட்டித் தடுக்குமா, மின்வாரியப் பக்கம்போலவே இருக்கும் போலியைத் திறந்துவிடுமா? செட்டிங்ஸில் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பதற்கும் இதில் பங்கு உண்டு.

குரோம் முன்பெல்லாம் மோசடித் தளங்களின் பட்டியலைப் போனிலேயே வைத்துக்கொண்டு, 30 முதல் 60 நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கும். ஆனால் மோசடிப் பக்கங்களின் சராசரி ஆயுள் பத்து நிமிடத்துக்கும் குறைவு என்று கூகுளே சொல்கிறது. புதிய பட்டியல் வருவதற்குள் திருடன் கடையைக் கட்டியிருப்பான். அதனால் 2024 மார்ச்சில் குரோம் செட்டிங்ஸில் உள்ள 'ஸ்டாண்டர்ட்' என்ற பாதுகாப்பு நிலையிலும் உடனடிச் சோதனை அறிவிக்கப்பட்டது. முகவரி அப்படியே கூகுளுக்குப் போகாது. அதைக் குறியீடாகச் சுருக்கி, அதன் தொடக்கத் துண்டை மட்டும் ஃபாஸ்ட்லி நிறுவனம் நடத்தும் இடைச் சர்வர் வழியாக அனுப்புகிறார்கள். கேட்டவர் யார் என்பது கூகுளுக்குத் தெரியாது; கேட்டது எதைப் பற்றி என்பது ஃபாஸ்ட்லிக்குத் தெரியாது. நல்ல ஏற்பாடு.

குரோமின் இன்னொரு நிலையான 'என்ஹான்ஸ்டு' பாதுகாப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பட்டியலில் ஏறாத புதுப் பக்கத்தையும் அதனால் சந்தேகிக்க முடியும். அதற்கு விலை உண்டு: பார்க்கும் முகவரிகளும் சில பக்கங்களின் மாதிரியும் கூகுளுக்குப் போகும், லாகின் செய்திருந்தால் சில காலம் அந்தக் கணக்கோடும் சேர்ந்திருக்கும். எட்ஜின் ஸ்மார்ட்ஸ்கிரீன், பிரபல தளங்களைக் கணினியிலேயே சரிபார்த்துவிட்டு மற்ற முகவரிகளை மைக்ரோசாஃப்டிடம் கேட்கும். ஃபயர்பாக்ஸோ கூகுளின் பட்டியலை ஏறக்குறைய அரைமணிக்கு ஒருமுறை இறக்கிக்கொண்டு கணினியிலேயே ஒப்பிடும் முறையை நெடுங்காலமாக வைத்திருக்கிறது. அந்தரங்கம் காக்கப்படும், ஆனால் இடையில் அந்த அரைமணி ஓட்டை.

தவறாகத் தடுப்பதும் நடக்கும். 2009 ஜனவரி 31 அன்று கூகுள் ஊழியர் ஒருவர் ஆபத்துப் பட்டியலில் தவறுதலாக '/' என்ற ஒற்றைக் குறியைச் சேர்த்துவிட்டார். எல்லா முகவரியிலும் அந்தக் குறி உண்டே! தேடல் முடிவில் வந்த தளம் எல்லாமே ஆபத்தானதாகக் காட்டப்பட, சரிசெய்ய ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆனது. ஆன்லைனில் சேலை விற்கும் சிறு கடைக்கு இப்படிச் சிவப்புத் திரை விழுந்தால், அதை நீக்கும்வரை வியாபாரம் படுத்துவிடும்.

அப்படியிருந்தும், வயதான பெற்றோரின் போனில் என்ஹான்ஸ்டைப் போட்டுவைப்பதே சரி. வாழ்நாள் சேமிப்பு அதில்தான் இருக்கிறது. தகவல் தருபவரைக் காக்க வேண்டிய பத்திரிகையாளருக்கும் வழக்கறிஞருக்கும் ஸ்டாண்டர்ட் அல்லது ஃபயர்பாக்ஸ் பொருந்தும். அவர்கள் கூடவே பாஸ்வேர்ட் மேனேஜரும் வைத்துக்கொள்ள வேண்டும். அது உண்மையான முகவரியில்தான் பாஸ்வேர்டைத் தானாக நிரப்பும். வழக்கமாக நிரம்பும் பெட்டி காலியாகக் கிடந்தால், தட்டச்சு செய்யாமல் முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்.