தவிடும் எள்ளும் இதயமும்

நமது இதயம் கைப்பிடி அளவே உள்ளது. ஆயினும் அது ஒரு நாளில் ஏறக்குறைய ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. இரத்தத்தில் தீய கொலஸ்ட்ரால் மிகுந்தால், அது இரத்தக் குழாய்ச் சுவர்களில் படிந்து வழியைக் குறுக்கிவிடும். மாரடைப்புக்கும் பக்கவாதத்திற்கும் இது ஒரு முக்கியக் காரணமாகும்.

கொலஸ்ட்ரால் மனித உடலிலும் விலங்குகளின் உடலிலும் உண்டாகும் பொருள். தாவரங்களில் அதற்கு ஈடாக இருப்பது தாவர ஸ்டீரால். அமைப்பில் இரண்டும் அக்காள் தங்கை போன்றவை. நாம் உண்ணும் கொழுப்பு, குடலில் பித்தநீரின் உதவியால் நுண்துளிகளாகிறது. அத்துளிகளில் தாவர ஸ்டீரால் இடம் பிடித்துக்கொண்டால் கொலஸ்ட்ராலுக்கு இடம் குறைகிறது. இடம் கிடைக்காத கொலஸ்ட்ரால் கழிவோடு வெளியேறிவிடும்.

இச்சத்து எள், வேர்க்கடலை, பருப்பு வகைகள், தவிடு ஆகியவற்றில் உண்டு. திருப்புலிவனத்தில் நாம் நாள்தோறும் காணும் நெல்லிலும் இருக்கிறது. ஆனால் அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டும்போது தவிடு நீங்கி, மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகிறது!

அப்படியானால் எண்ணெயை நிறைய ஊற்றிச் சமைக்கலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தீய கொலஸ்ட்ராலைப் பத்தில் ஒரு பங்கு குறைக்க, நாளொன்றுக்கு சுமார் 2 கிராம் தாவர ஸ்டீரால் வேண்டும். 100 கிராம் தவிட்டு எண்ணெயில் இருப்பதோ சுமார் 1 கிராம். அப்படியெனில் தினமும் 200 கிராம் எண்ணெய் உண்ண வேண்டும். அது உடலைப் பருக்க வைக்குமேயன்றிக் காக்காது. இதனால்தான் பின்லாந்து நாட்டில் இவ்வினப் பொருளைத் தனியே சேர்த்த மார்கரினைக் கொண்டு ஆராய்ந்தார்கள். 1995-இல் வெளியான அந்த ஆய்வில், அதை ஓராண்டு உண்டவர்களின் கொலஸ்ட்ரால் சுமார் 10 சதவீதம் குறைந்தது. எனினும் இதனால் மாரடைப்பே குறையும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எண்ணெய் உறைகளில் அச்சிட்டிருப்பார்கள். தாவர எண்ணெய் எதிலுமே அது இருப்பதில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் வனஸ்பதியும் பாமாயிலும் நம் உடலிலேயே தீய கொலஸ்ட்ராலைப் பெருக்கக் கூடியவை.

ஆகவே தோழியரே, தீட்டாத அரிசி, பயறு, எள்ளுருண்டை, கீரை ஆகியவற்றை விரும்பி உண்போம். எண்ணெயை அளவோடு சேர்ப்போம். "நல்ல எண்ணெய்க்கு மாறிவிட்டோமே" என்று வீட்டுப் பெரியவர்கள் மாத்திரையை நிறுத்தினால், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தலாகாது என்று அன்புடன் எடுத்துச் சொல்வோம். உணவு மருந்துக்குத் துணையே, மாற்று அன்று. இறைவன் தந்த உடலைப் பேணுவது நம் கடமையல்லவா?