பழைய வீட்டில் புது ஜன்னல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மயிலாப்பூரிலும் கும்பகோணத்திலும் செட்டிநாட்டு ஊர்களிலும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளில் ஒரு வேலை ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. மர ஜன்னலைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளை யூபிவிசி ஜன்னல் வைப்பதுதான் அது. அளவு சொன்னால் செய்து வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். டிரில்லிங் மிஷின் வைத்திருப்பவர்கள், கூலி மிச்சம் என்று தாங்களே மாட்டவும் இறங்கிவிடுகிறார்கள். இறங்கட்டும், தன் வீட்டு வேலையைத் தானே செய்வது நல்ல பழக்கம். ஆனால் இதைப் பற்றி வாய்வழியாகவும் வீடியோ வழியாகவும் பரவியிருக்கும் யோசனைகள் எல்லாம் கான்கிரீட் பெல்ட் போட்டுச் சிமென்டில் கட்டிய வீட்டுக்கானவை. சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த எண்பது, நூறு வருடத்துச் சுவர் அப்படி நடந்துகொள்ளாது. ஜன்னலைவிடச் சுவரைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

“இறுகிப்போன மர ஜன்னலுக்கு ஆயுள் முடிந்துவிட்டது”

ஐப்பசி, கார்த்திகையில் திறக்க மறுக்கும் ஜன்னல் பங்குனியில் தானாகத் திறந்தால், அதற்கு ஒரு கேடும் இல்லை. மரம் ஈரத்தைக் குடித்து உப்புகிறது, வெயிலில் சுருங்குகிறது. அதோடு வருடா வருடம் பொங்கலுக்கு அடித்த பெயின்ட், கோட்டு மேல் கோட்டாக விளிம்பில் தடித்துக் கிடக்கும். அதைச் சுரண்டி, விளிம்பை ஒருமுறை இழைப்புளியால் இழைத்தால் பாதி ஜன்னல்கள் வழிக்கு வந்துவிடும். கதவு தொங்குகிறதென்றால் கீலின் ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்திருக்கும். பசை தடவிய மரக்குச்சியை அந்த ஓட்டையில் அடித்து இறக்கி, மறுபடி முடுக்குங்கள்.

மரம் உண்மையிலேயே உளுத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். சட்டத்தின் கீழ்க்கட்டையிலும், அதோடு பக்கக்கால்கள் சேரும் மூலைகளிலும் குத்திப் பாருங்கள். தண்ணீர் தங்குவது அங்கேதான். நுனி அழுத்தமில்லாமல் உள்ளே போனால் அந்தப் பகுதி போய்விட்டது. கீழே இரண்டு, மூன்று அங்குலம் மட்டும்தான் என்றால், அதை வெட்டி எறிந்து அதே மரத்தில் ஒட்டு போட ஆசாரிக்குத் தெரியும். தேக்கைக் கரையான் தொடாது என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. தேக்கின் வைரப் பகுதிக்குத்தான் அந்த வலு உண்டு. ஓரத்து வெளிறிய பகுதியைக் கரையான் அரித்துவிடும்.

பழைய பர்மா தேக்கின் வைரம் கொண்ட சட்டம் உங்கள் வீட்டில் நல்ல நிலையில் இருந்தால், அதைப் பிடுங்க வேண்டாம் என்பதே என் கட்சி. சட்டத்தை இருந்த இடத்திலேயே விட்டு, கதவுகளை மட்டும் கண்ணாடி வைத்துப் புதிதாகச் செய்துகொள்ளலாம். சுவரைத் தொடும் வேலையே இல்லாமல் போகும்.

“பழைய பெயின்டைத் தேய்த்து எடுப்பதில் என்ன இருக்கிறது?”

ஈயம் இருக்கிறது. வீட்டு பெயின்டில் 90 பிபிஎம்முக்கு மேல் ஈயம் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல்தான் வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாக உப்புக்காகிதம் போட்டால் அந்தத் தூள் தரையில் படியும். தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும், கெட்டதைப் பிறகு சரிசெய்ய முடியாது. தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுங்கள், கீழே பாலித்தீன் ஷீட் விரியுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள், வேலை முடிந்ததும் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப்பக்கம் வரவே வேண்டாம். சட்டத்தைப் பெயர்த்து எடுக்கும்போதும் இதே கவனம் தேவை.

“பழைய ஜன்னலின் அளவை எடுத்துக் கொடுத்தால் போதும்”

பணம் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான். பழைய வீட்டு ஜன்னல் வாய் எதுவும் நேர்ச்சதுரமாக இருக்காது. ஒரு பக்கம் அமிழ்ந்திருக்கும், மேற்புறம் தொய்ந்திருக்கும், பூச்சு ஓரிடத்தில் அரை அங்குலமும் இன்னோரிடத்தில் ஒன்றரை அங்குலமும் இருக்கும். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் எடுங்கள். உயரத்தையும் அப்படியே மூன்று இடத்தில் எடுங்கள். இரண்டிலும் மிகச் சிறிய அளவுதான் உங்கள் அளவு. பிறகு ஒரு நூலை மூலைக்கு மூலை குறுக்காகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு குறுக்கு அளவும் ஒன்றாக இருந்தால் வாய் சதுரம். வித்தியாசம் இருந்தால் எந்த மூலை எவ்வளவு நழுவியிருக்கிறது என்று தாளில் வரைந்துவிடுங்கள், அதற்கேற்ப அளவை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும். பக்கச் சுவர் செங்குத்தா என்பதைத் தூக்குக்குண்டு சொல்லும்.

இந்த அளவில் பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர், ஆக மொத்தம் 10 மில்லிமீட்டர் கழித்து ஆர்டர் கொடுங்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்து இடைவெளி விடாமல் கொடுப்பவர்கள், முதல் கோடையிலேயே கதவு நகரவில்லை என்பார்கள். யூபிவிசி வெயிலில் நன்றாகவே நீளும். ஒன்றரை மீட்டர் சட்டம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். போக இடமில்லாவிட்டால் வளைந்துகொள்ளும்.

இன்னொன்று, பூச்சுக்கு மேல் எடுத்த அளவை நம்பி ஆர்டர் கொடுக்காதீர்கள். ஓரப் பூச்சை ஒரு சாண் அகலத்துக்குத் தட்டி, செங்கல் தெரியும்வரை பார்த்துவிட்டு அளவெடுங்கள். பழைய சட்டத்தின் மேல்கட்டையும் கீழ்க்கட்டையும் இரண்டு பக்கமும் நீண்டு சுவருக்குள் புகுந்திருக்கும். சட்டத்தை எடுத்த பின் அங்கே குழி விழும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

“ஜன்னல் சட்டம் சுவரைத் தாங்குவதில்லை, தாராளமாக எடுக்கலாம்”

கான்கிரீட் லிண்டல் உள்ள வீட்டில் இது சரி. பழைய வீட்டில் ஜன்னலுக்கு மேலே இருப்பது செங்கல் வளைவாக இருக்கும், இல்லாவிட்டால் மர உத்தரக்கட்டையாகவோ கல் பலகையாகவோ இருக்கும். வளைவு கெட்டியாக இருந்தால் பாரத்தைப் பக்கச் சுவருக்குத் தள்ளிவிடும். கட்டை உளுத்திருந்தாலோ வளைவின் சாந்து உதிர்ந்திருந்தாலோ, வருடக்கணக்கில் மேலே உள்ள சுவர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஜன்னல் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்துவிடும். அப்போது அந்தச் சட்டம்தான் தூண்.

அறிகுறிகள் கண்ணுக்குத் தெரியும். ஜன்னலின் மேல்மூலையிலிருந்து படிப்படியாக மேலேறும் விரிசல், நடுவில் கீழ்நோக்கி வளைந்த மேல்கட்டை, மேலே மட்டும் உரசும் கதவு ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் நீங்கள் செய்யக்கூடிய வேலை இல்லை இது. முட்டுக்கொடுத்து வேலை செய்யத் தெரிந்த கொத்தனாரை அழையுங்கள்.

அறிகுறி எதுவும் இல்லையென்றால், சட்டத்தைச் சுத்தியலால் அடித்துக் கிளப்பாதீர்கள். அந்த அதிர்வில் சுண்ணாம்புச் சாந்து பொலபொலவென்று கொட்டும். கம்பிகளை அறுத்து எடுத்துவிட்டு, பக்கக்கால் ஒவ்வொன்றையும் நடுவில் ரம்பத்தால் அறுங்கள். அறுத்த துண்டை அறைக்குள் நோக்கி மெல்ல நெம்பினால் சட்டம் துண்டு துண்டாக வெளியே வந்துவிடும், சுவர் அசையாது. பக்கத்துப் பக்கத்து ஜன்னல்களை ஒரே நாளில் எடுக்கவே கூடாது.

“ஃபோம் அடித்தால் ஜன்னல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்”

ஃபோம் இடைவெளியை அடைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. ஜன்னலைத் தாங்க வேண்டியது ஸ்க்ரூ. மூலையிலிருந்து 150 முதல் 250 மில்லிமீட்டர் தள்ளி முதல் ஸ்க்ரூ, பிறகு 600 மில்லிமீட்டருக்கு மிகாமல் ஒவ்வொன்று என்பது வழக்கமான நடைமுறை. பழைய செங்கலில் விரியும் வகை ஆங்கர் போல்ட் போடாதீர்கள், செங்கல் பிளந்துவிடும். நீளமான ஸ்க்ரூவும் நைலான் பிளக்கும் போதும். துளை போடும்போது மிஷினின் சுத்தியல் விசையை அணைத்துவிடுங்கள். துளை செங்கல்லின் நடுவில் விழ வேண்டும், சாந்தில் விழுந்தால் பிடிப்பு இருக்காது.

ஸ்க்ரூ முடுக்குமுன் சட்டத்தின் அடியிலும் பக்கத்திலும் பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகி, ரசமட்டம் வைத்து நிறுத்த வேண்டும். நூல் பிடித்துக் குறுக்களவை மறுபடி சரிபாருங்கள். அதற்குப் பிறகுதான் ஃபோம், அதுவும் கொஞ்சமாக. நிறைய அடித்தால் அது உப்பி, சட்டத்தையே உள்ளே தள்ளி வளைத்துவிடும். வெயில் பட்டால் பழுத்து உதிரும் பொருள் அது. ஆகையால் காய்ந்ததும் சீவி, வெளியிலிருந்து மூடியே ஆக வேண்டும். ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்த் தடத்தில் மட்டும் துளை போடாதீர்கள். அங்கே தேங்கும் மழைத்தண்ணீர் ஸ்க்ரூ வழியாகச் சுவருக்குள் இறங்கும்.

“ஓரத்தைச் சிமென்ட் வைத்துப் பூசினால் கெட்டியாக இருக்கும்”

கெட்டியாகத்தான் இருக்கும், கேடு அங்கேதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டு மூச்சுவிடும் சுவர். அதன் ஓரத்தில் சிமென்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துச் செங்கல்லுக்குப் போகும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சைச் சுற்றி உப்புப் பூக்கும், பிறகு பெயர்ந்து விழும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தையே பூசுங்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மெதுவாகத்தான் அது இறுகும். அதுவரை ஈரத்துணி போட்டுக் காக்க வேண்டும், அவசரப்பட்டு பட்டி பார்க்கக் கூடாது.

“டபுள் கிளாஸ் போட்டால் அறை குளிர்ந்துவிடும்”

நம் ஊரில் ஜன்னல் வழியாக வரும் சூட்டில் பெரும்பங்கு நேர் வெயில். நிறமில்லாத ஒற்றைக் கண்ணாடி, விழும் வெயில் சூட்டில் ஏறக்குறைய 80 சதவீதத்தை உள்ளே விடும். நிறமில்லாத இரட்டைக் கண்ணாடியும் 70 சதவீதம் வரை விடும். சத்தத்தைக் குறைக்கவும் ஏசியின் குளிர்ச்சியைக் காக்கவும் இரட்டைக் கண்ணாடி உதவும் என்பது உண்மை. வெயிலுக்கு மருந்து வெளிப்பக்க நிழல்தான். ஒரு சன்ஷேடும் வெளியே தொங்கும் மூங்கில் தட்டியும் செய்யும் வேலையை அந்தக் கண்ணாடியால் செய்ய முடியாது.

காற்றையும் யோசியுங்கள். பழைய இரட்டைக் கதவு ஜன்னல் முழு வாயும் திறக்கும். ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும். கடலோர ஊர்களைப் போன்ற புழுக்கமான இடங்களில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. சென்னை வீட்டில் ஸ்லைடிங் போடுவதைவிட, முழுக்கத் திறக்கும் கீல் வகையே மேல் என்பேன்.

“கிரில்லை ஜன்னல் சட்டத்திலேயே முடுக்கிவிடலாம்”

மர ஜன்னலில் கம்பிகள் மரத்துக்குள் இறங்கியிருந்தன, அதனால் பாதுகாப்பும் சட்டத்தோடேயே வந்தது. யூபிவிசி சட்டத்துக்கு அந்த வலு கிடையாது. கிரில்லைத் தனியாகச் செய்து சுவரிலேயே பதிக்க வேண்டும். பழைய ஜன்னலைத் தொடுமுன் கிரில் செய்து தயாராக வைத்திருங்கள். இல்லாவிட்டால் நாலு நாள் வீடு திறந்து கிடக்கும்.

“ஒரே ஆள் மாட்டிவிடலாம்”

ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டரை கிலோ கனக்கும். நாலடிக்கு ஐந்தடி ஜன்னலில் 5 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 20 கிலோவைத் தாண்டும். மாடியில், திறந்த வாயின் ஓரத்தில் நின்று அதைத் தனியாகத் தூக்காதீர்கள். மாடி ஜன்னலை ஆள் வைத்தே செய்யுங்கள், தரைத்தள ஜன்னலுக்கும் கூட ஒருவர் வேண்டும்.

“புது ஜன்னல் வந்தால் ஒழுகல் நின்றுவிடும்”

பழைய வீட்டில் தண்ணீர் பெரும்பாலும் சன்ஷேடும் சுவரும் சேரும் விரிசல் வழியாக வரும். சன்ஷேடின் அடியோரத்தில் நீர் சொட்டி விழும் பள்ளம் தூர்ந்திருந்தாலும் மழைநீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். ஜன்னலடிக் கட்டை உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறதா என்று ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் வைத்த புது ஜன்னலும் ஒழுகத்தான் செய்யும்.

உள்பக்க ஓரப் பூச்சைப் பூசுமுன் ஒரு சோதனை. வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் முதலில் ஜன்னலின் அடியோரத்தில் மட்டும் ஐந்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். உள்ளே ஒருவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பிறகு பக்கங்களில், கடைசியாக மேலேயும் சன்ஷேடிலும் விடுங்கள். எந்தக் கட்டத்தில் ஈரம் தெரிகிறதோ, ஓட்டை அந்த மட்டத்தில் இருக்கிறது. மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எங்கே கசிந்தது என்று தெரியாமல் போய்விடும்.