கல்லூரிப் பட்டமும் கடைக் கணக்கும்



துணி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் என் கடைக்கு வந்தார். பலதுறைத் தொழிற்கல்லூரியில் தேறிய அவருடைய மகளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று கணக்கியல். மற்றொன்று விஞ்ஞானமும் மானிட இயலும் கலந்து கற்பிக்கும் பல்துறைப் பட்டம். மகளோ இரண்டாவதையே விரும்பினாள்.

"நானா, மளிகைக் கடையில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், எதிலும் மொத்த வியாபாரம் நடக்காது. இந்தப் படிப்பும் அப்படித்தானே? பெருநாள் கொள்முதலுக்கு வைத்த பணத்தை இதில் போடலாமா?" என்றார்.

கேள்வி நியாயமானது. பட்டம் என்றால் கௌரவம் என்று பேசி முடித்துவிடுகிறோமே தவிர, பேரேட்டை விரித்துப் பார்ப்பதில்லை. இப்பாடத்தில் அதனைச் செய்வோம்.

முதலில் சரக்கு எதுவென்று அறிவோம். சிங்கப்பூரில் யேல்-என்யுஎஸ் கல்லூரி 2011-இல் நிறுவப்பட்டு, 2013-இல் முதல் மாணவரைச் சேர்த்தது. அதனை மூடும் முடிவு 2021-இல் அறிவிக்கப்பட்டது. 2025-இல் அது தன் பணியை முடித்துக்கொண்டது. ஆனால் பல்துறைக் கல்வி அத்தோடு போய்விடவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கலைத் துறையும் விஞ்ஞானத் துறையும் சேர்ந்து நடத்தும் மானிட இயல், விஞ்ஞானக் கல்லூரி 2021-இல் முதல் மாணவரைச் சேர்த்தது. அங்கே பொதுப் பாடங்களோடு, ஒரு முதன்மைப் பாடத்தையும் ஆழமாகக் கற்க வேண்டும். பெயர்ப் பலகை மாறக்கூடியது. ஆகவே பலகையைப் பாராமல் சரக்கைப் பாருங்கள்.

முதற் கணக்கு: போடும் முதல்

கீழே வருபவை பாடத்துக்காகப் போட்ட எண்கள். உங்கள் பிள்ளைக்குரிய எண்களை நீங்கள் இட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டுக் கட்டணம் 8,500 வெள்ளி, புத்தகமும் போக்குவரத்தும் 3,000 வெள்ளி என்றால், நான்கு ஆண்டுக்கு 46,000 வெள்ளி. பலர் இங்கேயே கணக்கை மூடிவிடுகின்றனர். அது பிழை. அந்தப் பெண் இன்றே 2,500 வெள்ளிச் சம்பளத்தில் வேலைக்குப் போயிருந்தால், 48 மாதத்தில் 120,000 வெள்ளி ஈட்டியிருப்பாள். கைவிட்ட அந்தச் சம்பளமும் முதல்தான். ஆக மொத்த முதல் 166,000 வெள்ளி. கட்டணத்தைவிடக் காலத்தின் விலையே பெரிது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் கணக்கு: வரவு

பல்கலைக்கழகங்களும் கல்வி அமைச்சும் ஆண்டுதோறும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வை வெளியிடுகின்றன. இறுதித் தேர்வு முடிந்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் எடுக்கப்படும் கணக்கு அது. அதில் எந்த எண்ணைப் பார்ப்பது? மிகுந்த சம்பளம் பெற்றவரைப் பாராதீர்கள். நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெறுவதையும், கீழிருந்து இருபத்தைந்தாம் ஆள் பெறுவதையும் பாருங்கள். முன்னது நடப்பு விலை. பின்னது சந்தை மந்தமானால் கிடைக்கும் விலை.

இன்னொரு எச்சரிக்கை. அந்தச் சம்பள எண் நிரந்தர முழுநேர வேலை கிடைத்தவர்களுக்கு மட்டுமே உரியது. விற்ற சரக்கின் விலையைச் சொல்லி, விற்காமல் கிடக்கும் சரக்கை மறப்பவர் வணிகராவாரா? ஆதலால் பக்கத்திலுள்ள வேலைவாய்ப்பு விகிதத்தையும் சேர்த்தே படியுங்கள்.

மூன்றாம் கணக்கு: இரண்டில் எது?

நண்பரின் மகள் எப்படியும் பட்டம் படிக்கத்தான் போகிறாள். கட்டணம் ஏறக்குறைய ஒன்று, காலமும் ஒன்று என்று வைப்போம். அப்படியாயின் அந்த 166,000 இரு பக்கத்திலும் ஒன்றாக நின்று கழிந்துபோகும். மிஞ்சுவது வருமான வித்தியாசம் ஒன்றே.

கணக்கியல் படித்தவருக்கு 4,400, பல்துறைப் பட்டதாரிக்கு 4,000 என்று வைப்போம். மாதம் 400 குறைவு, ஆண்டுக்கு 4,800. இடைவெளி மாறாமல் நின்றால் பத்து ஆண்டில் 48,000 வெள்ளி. ஆனால் அது மாறாமல் நிற்குமா? தொழில்நுட்பம் சார்ந்த படிப்புகளுக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் சம்பள உயர்வு, ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது என்று டெமிங், நோரே என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் இருவர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. வேலைக்கு வேண்டிய திறமை மாறுவதே காரணம். அது அமெரிக்கக் கணக்கு. கணக்கியலுக்கு அப்படியே பொருந்துமென்று சொல்ல முடியாது. ஆயினும் முதல் சம்பளம் கடைசிச் சம்பளமன்று என்பதை மறவாதீர். இடைவெளி படிப்படியாகக் குறைந்து பத்தாம் ஆண்டில் தீர்ந்தால், நட்டம் 24,000 அளவிலேயே நிற்கும்.

எதிர்ப் பக்கத்தையும் எழுதுவோம். மனமில்லாத படிப்பில் அவள் ஓராண்டை இழந்தால் என்ன ஆகும்? கட்டணமும் செலவும் 11,500; ஓராண்டுச் சம்பளம் 48,000; ஆக 59,500 வெள்ளி. பத்து ஆண்டின் வித்தியாசத்தை ஓர் ஆண்டின் இழப்பு விழுங்கிவிடுகிறது!

இதனால் விருப்பம் ஒன்றே போதும் என்று கொள்ளலாகாது. நண்பரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: "எல்லாம் கொஞ்சம் கற்பாய், சரி. எதை ஆழமாகக் கற்பாய்?" மகள் தயங்கவில்லை. "புள்ளியியல், வாப்பா. கூடவே பொருளியல். நம் கடைக் கணக்கைப் பார்த்துத்தான் அந்த ஆசை வந்தது" என்றாளாம். இந்த விடை இல்லாதிருந்தால், கணக்கியலுக்கே அனுப்புங்கள் என்றிருப்பேன்.

கடைசியாகக் கடனைப் பற்றி ஒரு சொல். மத்திய சேம நிதியிலிருந்து எடுத்துக் கட்டணம் செலுத்தினால், பிள்ளை அதனை வட்டியுடன் அந்தக் கணக்குக்கே திருப்ப வேண்டும். அது தந்தையின் முதுமைக்கு வைத்த பணம். இனாம் என்று எண்ணிக் கை வைக்காதீர்கள். திருப்பும் தவணையைப் பிள்ளையுடன் உட்கார்ந்து முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

பயிற்சி: உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால், இன்றிரவு கடை அடைத்த பின் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுங்கள்: கட்டணமும் செலவும்; கைவிடும் சம்பளம்; நடு ஆளின் சம்பளம்; இருபத்தைந்தாம் ஆளின் சம்பளம். ஐந்தாவது வரியைப் பிள்ளை எழுதட்டும்: எதை ஆழமாகக் கற்பேன்? அந்த வரி வெறுமையாக நின்றால், பணத்தை எடுக்க அவசரப்படாதீர்கள்.