டிஸ்க் வேக அறிக்கையை ஸ்கிரிப்ட் மூலம் படிக்க...

பழைய ஹார்ட் டிஸ்க்கே போதுமா, பணம் கொடுத்து எஸ்எஸ்டி வாங்க வேண்டுமா? அளந்து பார்த்து முடிவு செய்வதே நல்லது. இதற்கு நான் பயன்படுத்துவது எஃப்ஐஓ என்ற இலவச புரோகிராம். லினக்ஸ் கெர்னல் வல்லுநர் ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதியது. விண்டோஸிலும் இயங்கும்.

ஒவ்வொரு டிஸ்க்கையும் ஐந்து முறையாவது அளக்க வேண்டும். நீளமான பத்து அறிக்கைகளில் எண்களைத் தேடுவது சலிப்பான வேலை. அதை ஸ்கிரிப்ட்டிடம் விட்டுவிடலாம். ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை.

திரையில் தெரியும் அறிக்கை நாம் படிப்பதற்காகத் தயாரிக்கப்படுவது. எண்ணின் அளவைப் பொறுத்து எஃப்ஐஓ தானாகவே அலகை மாற்றிக் காட்டும். ஹார்ட் டிஸ்க்கின் சராசரித் தாமதம் 9.5 மில்லிசெகண்ட், எஸ்எஸ்டியின் தாமதம் 120 மைக்ரோசெகண்ட் என்று வந்ததாக வைத்துக் கொள்வோம். எண்ணை மட்டும் எடுக்கும் ஸ்கிரிப்ட், ஹார்ட் டிஸ்க்தான் சுமார் 13 மடங்கு வேகம் என்று சொல்லிவிடும்! 1 மில்லிசெகண்ட் என்பது 1000 மைக்ரோசெகண்ட். எனவே உண்மையில் எஸ்எஸ்டிதான் சுமார் 79 மடங்கு வேகம்.

இதைத் தவிர்க்கும் வழி:

1. எஃப்ஐஓ கட்டளையில் அவுட்புட் பார்மட்டை ஜேசன் என்று கொடுத்து, விடையை பைலில் சேமியுங்கள். டைரக்ட் ஆப்ஷனுக்கு 1 கொடுங்கள். இல்லாவிட்டால் ரேமில் இருப்பதைப் படித்த வேகமும் கலந்துவிடும்.

2. பைத்தானில் ஜேசன் மாட்யூல் உடன் வருகிறது. அதன் லோட் பங்ஷன் மூலம் பைலைத் திறங்கள்.

3. ஜாப்ஸ் பட்டியலின் முதல் உறுப்பில் ரீட், அதனுள் சிலாட் அடிக்கோடு என்எஸ், அதனுள் பெர்சன்டைல் என்று செல்லுங்கள். 99.000000 என்ற பெயரில் உள்ள எண்ணை எடுங்கள். இந்தப் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும்.

4. அது எப்போதும் நானோசெகண்டில்தான் இருக்கும். 10,00,000 ஆல் வகுத்தால் மில்லிசெகண்ட். 2017ல் வெளியான 3.0 பதிப்புக்கு முந்தையவற்றில் மைக்ரோசெகண்ட் என்பதால் பதிப்பைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

5. ஐந்து விடைகளை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுங்கள்.

சராசரியை விட்டு 99 ஏன்? நூறில் 99 முறை இந்த நேரத்துக்குள் படித்து முடிந்தது என்று பொருள். டிஸ்க் எப்போதாவது திணறுவதைச் சராசரி மறைத்துவிடும். இது காட்டிக் கொடுக்கும்.

எச்சரிக்கை: எழுதும் சோதனையை முழு டிரைவின் மீது நேரடியாக நடத்தினால் அதிலுள்ள தகவல்கள் அழிந்துவிடும். தனி பைல் பெயர் கொடுத்தே நடத்துங்கள்.

ஜேசன் பைல்களைத் தேதியிட்டு வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து கம்ப்யூட்டர் மெதுவானால், டிஸ்க்தான் காரணமா என்று அதே ஸ்கிரிப்ட் சொல்லிவிடும்.